இரட்டை முடிச்சு

அந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்துக்கு லிஃப்ட் இறங்காது. சரிவுப்பாதையில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டே இறங்க வேண்டும். முதலில் சலவை சோடா நெடி மூக்கில் ஏறும், பிறகு ஆவி முகத்தில் அடிக்கும், அதற்கும் பிறகு யாரிடம் எது சொல்வதானாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். அதுதான் சலவைக்கூடம். மேலே கிடப்பவர்களின் ரத்தமும் சீழும் பட்ட துணியெல்லாம் அங்கேதான் வந்து சேரும். மேலே இருக்கிற பெரிய மனிதர்களுக்கு இது எதுவும் தெரியாது. விரிப்பு தானாகவே வெளுத்துக்கொள்கிறது என்று நினைப்பார்களோ என்னவோ!

அங்கே வாசலை ஒட்டிய மேஜையில் துணி பிரிப்பவளுக்கு ரெட்டைமுடிச்சு என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. வார்டிலிருந்து வரும் மூட்டைகளுக்கு ஒற்றை முடிச்சுதான் இருக்கும். அதற்கு அர்த்தம், இன்னும் யாரும் பார்க்கவில்லை, உள்ளே ஊசியோ உடைந்த கண்ணாடியோ இருக்கலாம், கை வைக்காதே என்பது. அவள் மூட்டையைப் பிரிப்பாள், விரிப்பு ஒவ்வொன்றையும் இடுக்கியால் தூக்கி உதறுவாள், மடிப்பு மடிப்பாகத் தடவுவாள். கிடைத்த ஊசியைத் தகர டப்பாவில் போடுவாள். பிறகு மறுபடி கட்டி, இரண்டு முடிச்சுப் போடுவாள். இரண்டு முடிச்சு விழுந்த மூட்டையை அடுத்தவர் யாரும் பார்க்க மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு முழங்கை வரை கையை விட்டு அள்ளி மெஷினில் போடுவார்கள். கூடத்தின் சட்டம் அவ்வளவுதான்.

அந்த மேஜைக்கு வேறு யாரும் ஆசைப்பட்டதில்லை. அவளாகத்தான் கேட்டு வாங்கினாள். புருஷன் செத்த வருஷம் கைக்குழந்தையோடு வேலைக்குச் சேர்ந்தவள், சேர்ந்த புதிதிலேயே கட்டைவிரலில் ஊசி ஏற்றிக்கொண்டாள். எந்த நோயாளியின் ஊசி என்று யாருக்கும் தெரியாது. ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று கடைசியாகச் சொல்லும்வரை பெற்ற குழந்தைக்கு ஒரு முத்தம் கொடுக்கவில்லை, தன் தட்டையும் தம்ளரையும் தனியாக வைத்திருந்தாள். அந்தப் பயம் இன்னொருத்திக்கு வரக்கூடாது என்றுதான் அந்த மேஜையில் நின்றாள். நின்ற இத்தனை வருஷத்தில் அவள் முடிச்சைத் தாண்டி ஓர் ஊசி போனதில்லை.

நம்பிக்கை இருக்கிறதே, அது ஒரு வேலையோடு நிற்காது. எந்த டாக்டர் நல்லவர், எந்த மாப்பிள்ளை குடிக்காதவன் என்று எல்லாவற்றுக்கும் அவளிடமே வந்தார்கள். "அக்கா, பாத்துட்டியா?" என்பார்கள். "பாத்துட்டேன்" என்று அவள் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது.

இப்படி இருக்கையில்தான் ஒருவன் வந்தான், எப்போதும் சிரித்த முகம் என்பதால் கூடத்தில் அவனுக்குச் சிரிப்புக்காரன் என்று பேர். அவனுடைய அம்மா மேலே வார்டில் ரொம்ப நாள் கிடந்தாள். ஒரு மத்தியானம் அவன் சரிவில் இறங்கி வந்து, "எங்கம்மாவுக்கு தினமும் சுத்தமான விரிப்பு போடறீங்க, உங்களைப் பாத்துக் கும்பிட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றான். கூடத்துக்கு நன்றி சொல்ல வந்த முதல் மனிதன். ரெட்டைமுடிச்சுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவி, நன்றிக்கு ஏங்கிய அந்த இடத்தைத் தேடிப் பிடித்தல்லவா அடித்தான்!

தான் நடத்துவது கட்டிலும் சக்கர நாற்காலியும் வாங்கி ஆஸ்பத்திரிகளுக்கு வாடகைக்கு விடுகிற கம்பெனி என்றான். பணம் போட்டால் மாதாமாதம் வட்டி, ஆள் சேர்த்தால் தனியாகக் கமிஷன். அவள் தன் சேமிப்பைப் போட்டாள். வட்டி சொன்ன தேதிக்கு வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? அக்கா பாத்துட்டேன் என்றாள், கூடமே போட்டது. இஸ்திரிக்காரர் பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருந்ததைப் போட்டார். கிழிசல் தைக்கிற தையல்காரம்மா மகனுக்குத் தெரியாமல் போட்டாள். மூட்டையை அள்ளி மெஷினில் போடுகிற மெஷின்காரி, ரெட்டைமுடிச்சுக்குக் கூடப்பிறக்காத தங்கை, புருஷனுடைய இடுப்பு ஆபரேஷனுக்குச் சேர்த்ததைப் போட்டாள். வந்த கமிஷனில் ரெட்டைமுடிச்சு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினாள். மிச்சத்தை அதே கம்பெனியில் திரும்பப் போட்டாள்.

ஒரு மாதம் வட்டி வரவில்லை. அடுத்த மாதம் ஃபோன் அணைந்துவிட்டது. விசாரித்துக்கொண்டு போனபோது ஆபீஸ் என்று சொன்ன இடத்தில் பூட்டிய ஷட்டரும், இவர்களைப் போலவே நின்றுகொண்டிருந்த கூட்டமும்தான் இருந்தன.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மெஷின் நிற்கும். அன்றைக்கு இஸ்திரி மேஜையைச் சுற்றி நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு டப்பாவை யாரும் திறக்கவில்லை.

"வக்கீல் குமாஸ்தாகிட்ட விசாரிச்சுட்டேன்" என்றார் இஸ்திரிக்காரர். "எல்லாரும் சேர்ந்து ஒரே மனு குடுக்கணும். ஏமாந்தவங்க பேர் ஒரு பக்கம், ஏமாத்தினவங்க பேர் ஒரு பக்கம். கமிஷன் வாங்கி ஆள் சேர்த்தவங்க ரெண்டாவது பக்கத்துல போகணுமாம். அவங்க சொத்தை முடக்கி வித்து நமக்குப் பிரிச்சுக் குடுப்பாங்களாம்."

அவர் யாரையும் பார்க்காமல்தான் சொன்னார். ரெட்டைமுடிச்சிடம் சொத்து என்று இருப்பது ஓர் அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீடு. கணவனிடமிருந்து திரும்பி வந்துவிட்ட மகளும், மூன்று வயசுப் பேத்தியும் அதில்தான் இருக்கிறார்கள்.

"அண்ணே, நானும்தானே போட்டேன்? என் காசும் போச்சே!"

"உன் காசு போச்சு, சரி. எங்க காசுல உன் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்துச்சே, அது?"

"வட்டி வந்த மாசமெல்லாம் அக்கா தெய்வம், வராத மாசம் திருடியா?" என்றாள் தையல்காரம்மா. "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. நம்ம யாரு அளந்தோம்? ஆசை நமக்கும்தானே இருந்துச்சு."

"உங்களுக்கென்னம்மா, கொஞ்சமாப் போட்டீங்க. தத்துவம் பேசலாம். என் பொண்ணு வீட்டுல உக்காந்திருக்கா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேற இடம் பாத்துட்டாங்க!"

"கொஞ்சமோ நிறையவோ, என்கிட்ட இருந்ததே அதுதான். தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கறோம் இப்ப. ஓடிப்போனவனைத் தேடறதை விட்டுட்டு, பக்கத்துல உக்காந்திருக்கறவளைப் பிடிச்சு உலுக்கினா?"

"ஓடிப்போனவன் கிடைக்க மாட்டான். இவ கிடைப்பா!" என்று கத்தினார் இஸ்திரிக்காரர். நல்ல மனுஷன்தான். பணம் போனால் நல்ல மனுஷனுக்கும் வாயில் இப்படித்தான் வருகிறது.

மெஷின்காரி அதுவரை தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "கட்டில் எல்லாம் குடோன்ல அடுக்கி வெச்சிருக்கான், பாத்துட்டேன்னு சொன்னியே. பாத்தியா?"

கூடத்தில் எல்லோருக்கும் பழகிய கேள்வி. ஆனால் அப்படி ஓர் அமைதியில் அதை யாரும் கேட்டதில்லை. பார்த்தேன், என் கண்ணையும் கட்டிவிட்டான் என்று சொன்னால் போதும். படித்தவர்களே ஏமாந்த விஷயம், வாடகைக்கு ஒரு குடோனைக் காட்டியிருப்பான் என்று எல்லோரும் சமாதானமாகிவிடுவார்கள். வீடு தப்பிக்கும். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மெஷின்காரியின் கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகளுக்கு அவள் இதுவரை பொய் சொன்னது ஒரே ஒரு தடவைதான்.

"பாக்கலடி" என்றாள்.

"என்னது?"

"பாக்கல. கூட்டிட்டுப் போறேன்னான். எனக்கு லீவு கிடைக்கல. ஃபோன்ல படம் காட்டினான். நம்மளைத் தேடி வந்து கும்பிட்டவன்தானே, போதும்னு இருந்துட்டேன். நீ வந்து பாத்துட்டியான்னு கேட்டப்ப, பாத்துட்டேன்னு வாயில வந்துருச்சு. எப்பவும் வர்ற மாதிரியே வந்துருச்சுடி."

இஸ்திரிக்காரர் மேஜையில் ஓங்கி அறைந்தார். "படத்தைக் காட்டினா முடிச்சுப் போட்டுருவியா? உன் வார்த்தையை நம்பித்தானேம்மா நாங்க உள்ள கையை விட்டோம்!" ரெட்டைமுடிச்சு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதால் குறைகிற கனமா அது?

கடைசியில் மெஷின்காரிதான் சொன்னாள். "அக்கா பேரை நம்ம பக்கமே எழுதுங்கண்ணே."

"உனக்கென்ன பைத்தியமா? உனக்குத்தான் அதிகமாப் போச்சு!"

"அந்தக் குழந்தை தெருவுல நின்னா என் புருஷன் எழுந்து நடந்துருவாரா? அந்த வீட்டை வித்து, கோர்ட்டு எடுத்தது போக, நமக்கு வந்து சேர்றதுக்குள்ள நம்ம யார் இருப்போமோ. எழுதுங்க."

இஸ்திரிக்காரர் ரொம்ப நேரம் முணுமுணுத்துவிட்டு அவள் பேரை ஏமாந்தவர்கள் பக்கம் எழுதினார். ஃபிரிட்ஜையாவது விற்றுப் பங்கு போட வேண்டும் என்றார். அவள் அன்று மாலையே விற்றாள். பழைய சாமான் என்று பாதி விலைக்கும் கீழே போனது. ஆளுக்கு வந்தது ஒரு மாதப் பால் செலவுக்குக் காணாது. தையல்காரம்மா தன் பங்கை வாங்கிக்கொள்ளவில்லை. மற்ற இரண்டு பேரும் வாங்கிக்கொண்டார்கள். மனுவை வாங்கிக்கொண்ட போலீஸ்காரர், இதே கம்பெனி மீது வந்த மற்ற மனுக்களின் மேல் அதையும் வைத்தார். எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

ஆனாலும் மனு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது ரெட்டைமுடிச்சுக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியிருந்தது. காசு போனால் போகட்டும், நம்மவர்கள் நம்மைத் தள்ளவில்லை என்று மகளிடம் சொன்னாள். பல நாளைக்குப் பிறகு பேத்திக்கு அவளே சோறு ஊட்டினாள்.

மறுநாள் காலை முதல் மூட்டை ஆபரேஷன் வார்டிலிருந்து வந்தது. பிரித்தாள், உதறினாள், தடவினாள். மடிப்புக்குள் ஓர் ஊசி இருந்தது. எடுத்து டப்பாவில் போட்டாள். இன்னொரு தடவையும் உதறிப் பார்த்துவிட்டுக் கட்டி, இரண்டு முடிச்சுப் போட்டுத் தள்ளினாள்.

மெஷின்காரி வந்தாள். மூட்டையைத் தரையில் இறக்கினாள். முடிச்சு இரண்டையும் அவிழ்த்தாள். மேஜையில் கிடந்த இடுக்கியை எடுத்து, விரிப்பு விரிப்பாகத் தூக்கி உதற ஆரம்பித்தாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. வேலை பார்க்கிற முகம்தான்.

ரெட்டைமுடிச்சு பார்த்துக்கொண்டே நின்றாள். "நான் பாத்துட்டேன்டி" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

மெஷின்காரி நிறுத்தவில்லை.

"என்மேல கோபமா?"

"கோபம் இல்லக்கா. கோபம் இருந்தா உன் பேரை அந்தப் பக்கம் எழுதச் சொல்லியிருப்பேன்."

"அப்புறம் ஏன்டி?"

மெஷின்காரி இடுக்கியை வைத்துவிட்டுத் தன் கைகளைக் காட்டினாள். "ஆபரேஷன் இல்லாம எங்க வீட்டுக்காரர் இனிமே வேலைக்குப் போக மாட்டாரு. எனக்கு இருக்கறது இது ரெண்டுதான்க்கா."

சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்து உதறினாள். தப்பென்று சொல்ல அதில் எதுவும் இல்லை. அந்தப் பக்கமிருந்து இஸ்திரிக்காரரும் தையல்காரம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மூட்டை வந்தது. ரெட்டைமுடிச்சு வழக்கத்தைவிட நிதானமாகப் பிரித்தாள். ஒவ்வொரு விரிப்பையும் இரண்டு தடவை உதறினாள், தையலோரங்களைக்கூட விரலால் தடவிப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டாள். இரண்டாவதுக்குக் கை போனது. அப்படியே விட்டுவிட்டு, ஒற்றை முடிச்சோடு மூட்டையை அந்தப் பக்கம் தள்ளினாள்.