மூப்பர் ஏந்திய கிண்ணம்

கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே யாரும் நிற்கக் கூடாது என்று நம்புகிறவர், இன்னொருவருக்குத் திருவிருந்தின் கிண்ணத்தை மறுக்கலாமா?

அவர் தளம் போடும் கொத்தனார். பதித்த ஓடு நூலளவு தூக்கி நின்றாலும் பெயர்த்துவிட்டு மறுபடி பதிப்பார். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் ரசமட்டம், தளம் சமமா என்று பார்க்கும் கருவி. தேவாலயத்தில் அவர் மூப்பர். சபையாரின் ஒழுக்கத்தைக் கவனிப்பதும், திருவிருந்தில் எல்லோரும் பகிர்ந்து குடிக்கும் திராட்சரசக் கிண்ணத்தை வரிசை வரிசையாகக் கொண்டுபோவதும் அவர் பொறுப்பு.

கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே குருமார் வேண்டாம் என்ற சீர்திருத்தவாதி கால்வின், ஜெனீவா நகரத்தில் வகுத்த ஒழுங்கின் வழிவந்த சபை அது. தவறியவர் சபைமுன் எழுந்து வருத்தம் சொல்லும்வரை திருவிருந்து கிடையாது. கால்வின் அந்த நகரத்தை ஒழுங்குபடுத்தினார். மனிதர்கள் அங்கே நிம்மதியாக இருந்தார்களா என்பது வேறு விஷயம். பல நூறு ஆண்டுகள் கழித்தும், அவர் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாத வீடுகளில்கூட அந்த ஒழுங்கு சட்டமாக உட்கார்ந்திருந்தது.

கொத்தனாரின் மகள், அடிக்கும் கணவனை விட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். சபையைக் கேட்காமல் பிரிந்தது தவறு, ஞாயிறன்று எழுந்து வருத்தம் சொல்ல வேண்டும் என்று மூப்பர்கள் கூடிக் கைதூக்கி வாக்களித்து முடிவு செய்தார்கள். அதை வீட்டில் அவரே வந்து சொன்னார்.

“நீங்களும் கை தூக்கினீங்களாப்பா?”

“தூக்கினேன்.”

“பக்கத்து வீட்டுப் பொண்ணா இருந்தா?”

“அப்பவும் தூக்கியிருப்பேன்.”

“கல்யாணத்தன்னிக்கே என் கழுத்து நேரா இருக்கான்னு பார்த்த மனுஷன்டி,” என்றாள் மனைவி. “ரசமட்டத்தை முழுங்கிட்டுப் பொறந்தவரு.”

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

“நாளைக்கு எழுந்திருப்பியாம்மா?”

“அடி வாங்கினதுக்கு நான் வருத்தம் சொல்லணுமா?”

“அதுக்கில்ல. சொல்லாம வந்ததுக்கு.”

“உயிருக்குப் பயந்து ஓடி வர்றவ ஒவ்வொரு மூப்பர் வீட்டுக் கதவையும் தட்டிட்டா வருவா? எழுந்திருக்க மாட்டேன். ஆனா முன்னாடிதான் உட்காருவேன். நீங்க கிண்ணத்தோட வாங்க, பார்க்கலாம்.”

மறுநாள், “வருத்தம் சொல்ல வேண்டியவர் எழுந்திருக்கலாம்,” என்றார் போதகர். ஒரு பெஞ்சும் கிறீச்சிடவில்லை.

“அப்பன் என்ன பண்றாருன்னு பாரு,” என்று பின்வரிசையில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

கொத்தனார் கிண்ணத்தை ஏந்தி வந்தார். மனைவி வாங்கி ஒரு மிடறு குடித்துத் திருப்பித் தந்தாள். அடுத்து மகள். அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“அப்பா,” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் நின்றார். பிறகு அவளைத் தாண்டி, பக்கத்தில் இருந்தவரிடம் கிண்ணத்தைக் கொடுத்தார். அவள் கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தன.

எல்லோரும் குடித்த பின் கிண்ணம் ஏந்தியவர் கடைசியாகக் குடிப்பது முறை. அவர் விளிம்பைத் துணியால் துடைத்து மேசையில் வைத்தார்.

“மூப்பரே, உங்க பங்கு,” என்றார் போதகர்.

“எனக்கு வேண்டாம் ஐயா.”

போய் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அம்மா பக்கமாக ஒதுங்கிக்கொண்டாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. அவர் குடிக்காமல் விட்டதால், அவளைத் தாண்டிப் போனது இல்லையென்று ஆகிவிடாது.

சில ஆண்டுகளில் வேறு போதகர் வந்தார்; சபைமுன் வருத்தம் சொல்லும் வழக்கத்தை நிறுத்தினார். கொத்தனாரே மகளிடம் கிண்ணத்தைக் கொண்டுபோனார். அவள் குடித்தாள்.

“இனிமேலாவது நீங்களும் குடிங்களேன்பா,” என்றாள், வீட்டுக்கு வந்ததும். அவர் நகத்தில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

சாகும்வரை எல்லோருக்கும் கிண்ணம் ஏந்தினார். ஒருமுறையும் குடிக்கவில்லை, ஏன் என்று மனைவியிடமும் சொல்லவில்லை.