நுரை வராத பேஸ்ட்

செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் நன்னாரி சர்பத் விற்கிறேன். காலையில் முதல் டம்ளரை நானே குடித்து ருசி பார்ப்பேன். சில மாதங்களுக்கு முன் ஐஸ் பட்டாலே கடைவாய்ப் பல் சுரீரென்று கூசத் தொடங்கியது.

பல் கூச்சத்துக்கென்று விற்கும் பேஸ்ட்டை வாங்கினேன். அதில் நுரையே சரியாக வரவில்லை. தேய்த்த திருப்தி இல்லாமல், அதன் பிறகு சிவப்புப் பல்பொடியையும் போட்டு அழுத்தித் தேய்த்தேன். ஒரு மாதமாகியும் கூச்சம் குறையவில்லை. ருசி பார்க்கும் வேலை என் கணவரிடம் போனது. அவர் போட்ட சர்க்கரையில் சர்பத் பாயசமாகிவிட்டது.

பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று பல் டாக்டரிடம் போனேன். நான் தேய்க்கும் முறையைக் கேட்டுச் சிரித்தார்.

"ஈறு ஓரம் பல்லு தேஞ்சிருக்குதும்மா. அங்க கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க இருக்குது. அது வழியாத்தான் ஜில்லுப்பு நரம்புக்குப் போவுது. பேஸ்ட்டு அதைக் கொஞ்சம் கொஞ்சமா அடைக்குது. நீங்க பொடியப் போட்டு சுரண்டி எடுத்துடுறீங்க. பல்லைப் பிடுங்க வேணாம், பொடிய விடுங்க."

இப்போது பேஸ்ட் மட்டும்தான், அதுவும் மெதுவாக. மூன்றாவது வாரத்தில், காலையின் முதல் டம்ளர் மறுபடி என் கைக்கு வந்தது.

"இன்னா, சக்கரை கம்மியா இருக்குது?" என்றார் கணவர்.

"இன்னிக்குத்தான் சரியா இருக்குது," என்றேன்.

மீதிப் பல்பொடியை வீணாக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கை அதில்தான் தேய்க்கிறேன். விளக்கு பளபளக்கிறது.