கதவு மிஸ்ஸி

பண்டத்தரிப்பில் பராசக்தி என்று விசாரித்தால் பலருக்குத் தெரியாது. கதவு மிஸ்ஸி என்றால் சின்னப்பிள்ளையும் வீட்டைக் காட்டும்.

அவர் அரசாங்க மருத்துவிச்சி; அங்கே மருத்துவிச்சியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிக் காலத்தில் ஒரு டொக்டர் சொன்ன விஷயம் அவரைப் பேய் மாதிரிப் பிடித்துக்கொண்டது. குடற்சுவரில் புரதத்தாலான நுண்ணிய கதவுகள் இருக்கின்றனவாம். உப்பும் சர்க்கரையும் சோடியாக வந்து நின்றால்தான் அவை உள்ளே விடும். பின்னாலேயே தண்ணீரும் போய்விடும். வயிற்றோட்டக் கிருமி வேறு வழிகளைத் திறந்து உடம்புத் தண்ணீரைக் கொட்ட வைத்தாலும், இந்தக் கதவை மட்டும் அதனால் பூட்ட முடியாது. என்ன அதிசயம் இது! சந்தையிலும் கலியாண வீட்டிலும் பராசக்தி இதைச் சொல்லாத ஆள் இல்லை. கேட்டவர்கள் சிரித்துப் பட்டம் வைத்தார்கள். அவருக்கு அதுவும் சந்தோஷம்தான்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டையால் மயிலிட்டிச் சனம் இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியபோது வயிற்றோட்டம் பரவியது. உப்பும் சர்க்கரையும் கலந்த மருந்துப் பைக்கற்றுகள் முடிந்துவிட்டன. சீனியைக் கண்ணாலும் காண முடியவில்லை, பனைவெல்லமான பனங்கட்டி மட்டும் இருந்தது. பராசக்தி வகுப்பறை வகுப்பறையாக ஓடி, கொதித்தாறிய உப்புத் தண்ணீரும் பனங்கட்டியும் கொடுக்கச் சொன்னார். கதவுக் கதையையும் விஸ்தாரமாகச் சொன்னார்.

மறுநாள் காலை, கடற்றொழிலாளி கனிசியஸின் இரண்டு வயது மகள் துவண்டு கிடந்தாள். கண்கள் குழிவிழுந்திருந்தன. அழுதாள், கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. பராசக்தி பிள்ளையின் பக்கத்தில் குந்தினார். அந்தக் கதவு பொய்யா?

சொன்னபடி கொடுத்தாயா என்று தாய் ஸ்ரெல்லாவைக் கேட்டார்.

"ஓம் மிஸ்ஸி. உப்புத்தண்ணி நான் பருக்கிறன். பனங்கட்டி அவளின்ரை கையிலை கிடக்கு. கடிக்கிறாளில்லை."

பராசக்தி பிள்ளையின் கையைப் பார்த்தார். பொத்திய விரல்களுக்குள் பிசுபிசுத்த துண்டு முழுசாக இருந்தது. இந்த ஊரில் யார்தான் பனங்கட்டியைக் கோப்பைக்குள் போட்டார்கள்? கையில் வைத்துக் கடித்துக்கொண்டே தேத்தண்ணி குடிப்பதுதானே வழக்கம்! அவரும் விடிய அப்படித்தான் குடித்துவிட்டு வந்திருந்தார். கதவைப் பற்றி அத்தனை கதைத்த வாய், கரைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெறும் உப்புத் தண்ணீர் சோடியில்லாமல் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறது.

"ஸ்ரெல்லா, கதவு திறக்கும். ரெண்டும் ஒண்டாப் போகவேணும்."

பிள்ளையின் கையிலிருந்த பனங்கட்டியை எடுத்து நொறுக்கித் தண்ணீரில் கரைத்தார், அளவாக உப்புப் போட்டார், கண்ணீரை விட உப்பாக இல்லையென்று நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு கரண்டி கரண்டியாகப் பருக்கினார். சத்தியெடுத்துக் கக்கினால் சற்றுப் பொறுத்து மறுபடி பருக்கினார். அடுத்த வகுப்பறைகளுக்குக் கனிசியஸை விரட்டினார், எல்லோரையும் கரைத்துக் கொடுக்கச் சொல்லி.

வெயில் சாயும் நேரம் பிள்ளை கண் விழித்தாள். வெறுங்கையைப் பார்த்தாள். தன்னுடைய பனங்கட்டியைக் காணவில்லையென்று வீரிட்டழத் தொடங்கினாள்.

பராசக்தி குனிந்து அவளுடைய கன்னத்தைத் தொட்டார்.

"ஸ்ரெல்லா, தொட்டுப்பார். ஈரம்."

தாய் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், அழுதாள். பிள்ளை நிறுத்துவதாக இல்லை. கண்ணீர் வழிந்து கழுத்துவரை போனது. பராசக்தி அதைத் துடைக்க விடவில்லை.