மிதந்து வந்த பாசி

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் பாம்பனுக்கு இந்தப் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களுக்குள் ஒரு வழக்கு வந்தால், என் வாசலுக்குத்தான் வருவார்கள். மீன் முட்டையிடும் மாதங்களில் பாசி எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை எந்த அதிகாரியும் போடவில்லை. பெண்கள் நாங்களே வேம்படியில் கூடிப் போட்டோம். மீறியவளுக்கு அடுத்துப் பாசி எடுக்கும் பருவம் முழுவதும் பாறைத்திட்டுக்குப் போகும் வள்ளத்தில் இடம் கிடையாது. முன்னால் நின்று சொன்னவள் நான். அந்தப் பெருமை இன்னும் உண்டு. அதன் பாரமும் என் தலையில்தான் கிடக்கிறது.

போன வருடம் கட்டுப்பாட்டு மாதத்தில் காற்று பேயாய் அடித்தது. அது ஓய்ந்த காலையில் ஒரு பெண்ணை என் வாசலுக்கு இழுத்து வந்தார்கள். அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் இடுப்பொடிந்து கிடக்கிறான். அவள் கடலில் இறங்கினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். அவள் பையில் ஈரப் பாசி இருந்தது.

“கையும் பையுமாப் புடிச்சோம் அயித்த,” என்றாள் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒருத்தி.

“பாறையில நான் கை வைக்கல அயித்த. காத்து அத்துக்கிட்டு வந்தது. முழங்கால் தண்ணியில மிதந்தத அள்ளுனேன்.”

“மிதக்குறத அள்ளத்தான் வெரல்ல துணி சுத்திக்கிட்டுப் போனியாக்கும்?”

எல்லோரும் அவள் விரல்களைப் பார்த்தோம். பாறை கிழிக்காமலிருக்க நாங்கள் சுற்றிக்கொள்ளும் துணிக்கந்தல் விரல்தோறும் இருந்தது.

“வெத்தல போடாம ஒனக்கு வாய் தெறக்குமா? அது மாதிரி, துணி சுத்தாம எனக்குக் கடல்ல கை நீளாது.”

ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் பாசியை வாங்கிப் பார்த்தேன். சிலதில் அடிவேர் இருந்தது, சிலதில் இல்லை. பெருங்காற்றும் வேரோடு பிடுங்கும், மனுஷக் கையும் பிடுங்கும். கரையில் ஒதுங்கியதை யாரும் எடுக்கலாம், பாறையில் இருப்பதைத் தொடக் கூடாது என்று வைத்திருந்தோம். நடுவில் மிதப்பதைப் பற்றி அன்று வேம்படியில் ஒருத்தியும் நினைக்கவில்லை. நானும்தான்.

“சொல்லுங்க அயித்த. தப்பா, தப்பில்லையா?”

வயதானால் தெளிவு வரும் என்கிறார்கள். எனக்கு முட்டிவலிதான் வந்தது. தெரிந்த மாதிரி ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என் சொல்லுக்கு எல்லோரும் கட்டுப்படுவார்கள். அதுதான் பயமாக இருந்தது.

“எனக்குத் தெரியல,” என்றேன். “தெரியாத ஒன்னுக்காக ஒருத்தி வயித்துல அடிக்க ஏலாது. பருவம் தொறந்ததும் அவளும் வள்ளத்துல வரட்டும். இந்தப் பாசியக் கடல்லயே கொட்டிரட்டும். இனிமே மிதக்குறதையும் யாரும் தொடக் கூடாது.”

“நல்லாருக்கே! வெட்டு ஒன்னு துண்டு ரெண்டுன்னு சொல்லுவீகன்னு வந்தா, நீங்களும் வழவழன்னு பேசுறீக,” என்று முனகிக்கொண்டே கலைந்தார்கள்.

அவளுக்கும் திருப்தியில்லை. “தப்பில்லன்னு சொல்ல ஒங்களுக்கு வாய் வரலையே,” என்று பையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனாள். எனக்கு வாய் வரத்தான் இல்லை.

பருவம் திறந்த அன்று கரைக்குப் போனேன். வள்ளத்தின் முன்பக்கத்தில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் பின்பக்கம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். “பின்னுக்கு அழுந்துது, நாலு பேரு முன்னால போங்கம்மா,” என்று வள்ளக்காரர் கத்தியும் ஒருத்தியும் அசையவில்லை. இடம் உண்டு என்று நான் சொன்னேன். இடம் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

நான் கடலுக்குப் போவதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

கரை மறைந்த பிறகுதான் பேசினாள். “இந்த முட்டிய வச்சுக்கிட்டு எதுக்கு வந்தீக?”

“முன்பக்கம் கனம் வேணும்ல.”

பாறைத்திட்டு நெருங்கியதும் மடியிலிருந்து துணிக்கந்தலை எடுத்து விரல்களில் சுற்றினாள். முடிச்சுப் போட ஒரு கை போதாது. முகத்தைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டு கையை மட்டும் என்னிடம் நீட்டினாள். கட்டிவிட்டேன்.

காற்று ஓய்ந்த அந்தக் காலையில் அவள் பாறையில் கை வைத்தாளா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது.