உபயம்: சோசல் கந்தோர்

ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்த எனக்கு வேலை செய்யத் தடை. படம் வரைவதை மட்டும் அதிகாரிகள் வேலையாக மதிக்கவில்லை. என் அப்பாவும் அப்படித்தான், ஆகவே எனக்கு அது புதிதில்லை.

முகாம் இருந்த ஊரின் தேவாலய நாடகக் குழுவை நடத்தியவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பிரெஞ்சு நாட்டுப்புறக் கதை ஒன்றை மேடையேற்றுவதாகவும், ஓநாயை மணந்த பெண் வழிதவறும் காட்டை நான் வரையவேண்டும் என்றும் கேட்டார். துணிக்கு எங்கே போவது? எங்களுக்குப் படியளக்கும் சமூக உதவி அலுவலகம், எங்கள் வாயில் சோசல் கந்தோர், முகாமுக்குக் கொடுத்து, கழித்துவிட்ட கட்டில் விரிப்புகளைத்தான் ஒன்றாகத் தைத்தோம்.

எங்கள் ஊரில் நாடகச் சீன் வரைந்தால் துணி கொடுத்தவரின் பெயரைக் கீழே எழுதியே ஆகவேண்டும். விட்டால் மனுஷன் நாடகத்தையே நடத்தவிடமாட்டார். பழக்கதோஷம், மரங்களின் அடியில் கொட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டேன்: "உபயம்: சோசல் கந்தோர்."

"அடடா, என்ன அழகான மந்திர வேர்கள்!" என்றார் ஆசிரியை. நான் மறுக்கவில்லை.

நாடகத்துக்கு எல்லைக்கு அப்பால், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரில் இருந்து அழைப்பு வந்தது. அங்கேதான் என் அக்கா இருந்தார். செத்தவீட்டிலும் சிரிப்பை அடக்கத் தெரியாத அக்கா. முகம் பார்த்து நாலு வருஷம்.

மாவட்டத்தைத் தாண்டவே எனக்கு அனுமதி வேண்டும். விண்ணப்பித்தேன். ஒரே கிழமையில் இரண்டு பதில்கள் வந்தன. காட்டுக்குச் சுங்கத்தில் முத்திரை குத்தியாயிற்று. எனக்கு ஏலாதாம்.

"அண்ணை, கட்டில் சீலைக்கு விசா குடுத்திட்டாங்கள். உங்களை அதுக்குள்ள வச்சுச் சுத்தச் சொல்லுங்கோ" என்றான் அறைக் கூட்டாளி. அவனை அறையவேண்டும் போல இருந்தது. நாடகம் எங்கே, எப்போது என்று அக்காவுக்கு எழுதி, 'நான் வரமாட்டன், காட்டுக்குக் கீழ பாருங்கோ' என்று முடித்தேன்.

திரும்பி வந்த ஆசிரியை கொதித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெண் காட்டில் தனியாக நின்று அழுகிறாள், மண்டபமே மூச்சுவிடவில்லை. முன்வரிசையில் ஒருத்தி விழுந்து விழுந்து சிரிக்கிறாள்! பிறகு ஓநாய் கூத்தடிக்கிற இடத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள், அவள் மட்டும் தேம்பித் தேம்பி அழுகிறாள். நாடகம் பார்க்கத் தெரியாத ஜென்மம்!"

ஜெர்மன் வாயில் வரவில்லை.

"ஓம், அவ சின்னனிலேயே அப்பிடித்தான்" என்றேன்.