தட்டாமல் வைத்த ஸ்டெத்

புஸ்ஸ்ஸ்...

பி.பி. பார்க்கும் பட்டையிலிருந்து காற்று இறங்கும் சத்தம். நர்சிங் முதல் வருடத்தில், ஸ்டெத்தை மாட்டிக்கொண்டால் எனக்குக் கேட்டது அது ஒன்றுதான். நடுவில் 'டக்... டக்...' என்று ஆரம்பிக்கும் இடம் மேல் எண், நிற்கும் இடம் கீழ் எண் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பாதரசம் பாட்டுக்கு இறங்கும். எனக்கு ஒரு டக்கும் கேட்காது.

கூடப் படித்தவர்கள் எல்லாம் "கேக்குதுடி!" என்று குதித்தபோது நானும் சேர்ந்து குதித்தேன். வேறென்ன செய்ய?

சின்ன வயதில் எனக்குக் காதில் சீழ் வடியும். காவேரியில் முங்கி முங்கி வந்த வினை என்று அம்மா திட்டுவார். அட்மிஷன் ஃபாரத்தில் அதை நாங்கள் எழுதவே இல்லை. காது போச்சு, படிப்பும் போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன். முசிறியிலிருந்து ட்ரங்க் பெட்டியோடு பஸ் ஏறி வந்து, ஹாஸ்டலில் விட்டுப்போன அப்பாவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

எனக்கு நானே டெஸ்ட் வைத்துப் பார்த்தேன். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தால், முன்னால் கண்டக்டர் முணுமுணுப்பது வரை கேட்டது. ஸ்டெத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

அப்புறம் நான் செய்ததைச் சொல்ல இன்னும் வெட்கமாகத்தான் இருக்கிறது... முந்தின ஷிஃப்டில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து, ரெண்டு கூட்டியோ குறைத்தோ எழுதினேன். பத்து நாள்!

திங்கட்கிழமை பிராக்டிகல் பரீட்சை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை, வார்டில் மலர்க்கொடி அக்கா. லால்குடிக்காரர், சர்க்கரைக்காக அட்மிட் ஆனவர். நான் பட்டையைச் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, மத்த பொண்ணுங்கல்லாம் அந்தக் குழாய் முனையில இருக்குற வில்லையை ஒரு தட்டு தட்டிட்டுத்தான் வைக்குதுங்க. நீ மட்டும் தட்டவே மாட்டேங்குறியே?"

தட்டினேன். சத்தமே இல்லை.

வில்லைக்குப் பின்னால் சின்னதாக இன்னொரு பக்கம் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் கேட்கும். கையில் வாங்கிய நாளிலிருந்து என்னுடையது அந்தப் பக்கமே திரும்பி இருந்திருக்கிறது! திருகிவிட்டுத் தட்டினேன். காதுக்குள் இடி விழுந்தது.

அவர் கையில் வைத்தேன். டக்... டக்... டக்...

"கேக்குதுக்கா!" என்று அழுதேவிட்டேன்.

"ஐயய்யோ, எனக்கு என்னம்மா ஆச்சு?" என்று பாவம், அவர் பயந்துபோனார்.

மேல் எண் 170. நம்ப முடியாமல் ஸ்டாஃப் சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்தபோதும் 170. டாக்டர் வந்து மாத்திரையை மாற்றினார். சிஸ்டரிடம் பத்து நாள் கதையையும் கொட்டிவிட்டேன். செம டோஸ் வாங்கிக்கொண்டு, அத்தனை கட்டிலுக்கும் போய் முதலிலிருந்து பார்த்தேன். நல்லவேளை, மற்ற யாருக்கும் ஒன்றும் இல்லை.

இப்போது தென்னூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. பட்டனை அமுக்கினால் மெஷினே எண்ணைச் சொல்லிவிடுகிறது. பாதரசத்தையே பார்த்திராத பிள்ளைகள் டியூட்டிக்கு வருகிறார்கள். எண்ணில் சந்தேகம் வந்தால் மட்டும் ஸ்டெத்தை எடுப்பேன். முதலில் ஒரு தட்டு. கேட்டதும் ஒரு 'அப்பாடா'.

அன்று மலர்க்கொடி அக்காவுக்கு முந்தின ஷிஃப்டில் எழுதியிருந்தது 130. அவர் மட்டும் வாயைத் திறந்திருக்காவிட்டால், நான் 132 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பேன்.