இடுப்புக்கு முந்திய தோள்

கோவையில் கோல்ஃப் பழகிய புதிதில், மட்டையை வீசும்போது இடுப்புக்கு முன்பே என் தோள் திரும்பிவிடும். பந்து கோணலாகப் பறக்கும். "வலப்பக்கம் ஒரு அம்மா புல்லு வெட்டுறாங்க. அவங்க போகட்டுமுங்க" என்றார் பயிற்சியாளர். நானும் பார்த்தேன். அவ்வளவு தூரம் போகாது என்று ஓங்கி அடித்தேன்.

பந்து கோணி, அந்த அம்மாவை நோக்கிப் பாய்ந்தது. நான் கத்துவதற்குள் அவர் சரிந்து விழுந்தார். கொன்றுவிட்டேன் என்றே நினைத்து, அவரிடம் ஓடினேன்.

அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "படலீங்க, காதோரமாப் போச்சு. பயத்துல உழுந்துபோட்டேன். குனிஞ்சிருந்தனுங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்று தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

வாங்கிக் குடித்தேன். பார்த்துவிட்டுத்தான் அடித்தேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

அதன்பின் மாதக்கணக்கில் பந்தே வைக்காமல் தோளைப் பழக்கினேன். இப்போது பந்து நேராகப் போகிறது. ஆனாலும் அது தரையைத் தொடும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.